முப்பது ராத்தல் ரம்பத்துக்கு மூன்று ஊர் விலை

ராயபுரம்,
19 ஆகஸ்டு 1954.

அந்தமான் காட்டில் ஆயிரம் மரங்களைச் சாய்த்து அசையாமல் நிற்கும் என் அருமை மருமகன் சிரஞ்சீவி தண்டபாணிக்கு, தாய்மாமன் பொன்னுரங்கம் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா பச்சையம்மா, உன் அத்தை, வீட்டுக் கோழிகள் உட்பட அனைவரும் சுகம். உன் சுகத்தைக் கப்பல் புறப்படும்போதெல்லாம் எழுதி அனுப்பவும்.

இனி நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் கூடாரத்தில் இருக்கிறவர்களும் நம்பமாட்டார்கள். இந்தத் தபால் மூட்டையைத் தூக்கும் ஆளுக்குப் படித்துக் காட்டினால் அவர் மூட்டையைக் கடலில் போட்டுவிட்டுச் சிரிப்பார். யாராலும் நம்ப முடியாத கதையைத்தான் சொல்லப்போகிறேன் என்று சமுத்திரத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன்.

சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரக் கண்டிராக்டரிடம் வாங்கிய சங்கிலி ரம்பத்தைக் கப்பலில் அனுப்பி, இது மெட்ராஸில் என்ன விலைக்குப் போகும் என்று விசாரிக்கச் சொன்னாய். அறுநூறு தேறினால் வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே வலையிலும் படகிலும் பங்கு போடுவதாகவும், தேறாவிட்டால் ஒண்ணாந்தேதி கம்பெனி நீட்டுகிற மூன்று வருஷப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் எழுதியிருந்தாய். அன்றிலிருந்து அக்கா ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தால் கேள். மீனைக் கழுவப் போட்டுவிட்டு வாசலுக்கு வருகிறாள், வாசலை விட்டுவிட்டு ரம்பத்திடம் போகிறாள், இது போவுமா போவாதா என்று என்னைக் கேட்கிறாள், நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடி மீனுக்குப் போய்விடுகிறாள்.

சரி என்று விலை மதிக்க உட்கார்ந்தேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் மேஸ்திரியாக இருந்து, யானையையும் ரயில் எஞ்சினையும் கண்ணாலேயே எடை போட்டவன் நான். தூக்கிப் பார்த்தேன், முப்பது ராத்தல். மரம் அறுக்கும் மிஷின் என்றால் இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவன் என்று இரண்டு பேர் முக்கி முனகித் தூக்குகிற காலத்தில், ஒற்றை ஆள் பிடிக்கிற மாதிரி லேசாக ஒன்று வந்திருக்கிறதென்றால் விலை ஆகாயத்தில்தான் என்று முடிவு கட்டி, பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். அது போட்ட சத்தத்தில் காசிமேட்டுக் காக்கைகள் மொத்தமும் எண்ணூருக்குக் குடிபோய்விட்டன. ராயபுரம் ஸ்டேஷனில் நின்ற வண்டி கார்டு கொடி காட்டாமலேயே கிளம்பிவிட்டது. வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று பதிலுக்குச் சங்கு ஊதியது. நான் ரம்பத்தை விடவில்லை. விட முடியவில்லை என்பதே சரி. அது என்னை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டது.

எதிர்வீட்டுச் சின்னப்பையன் கட்டுமரத்துக்கு நாலு நாளாகச் செதுக்கி வைத்திருந்த கட்டையை ரம்பம் போகிற போக்கில் எட்டாகப் பிளந்துவிட்டுப் போயிற்று. அவன் தலையில் அடித்துக்கொண்டு, ஆயிரம் ரூபா தரேன் மாமு என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தான். அது மிஷினை வாங்க விலையா, நிறுத்தக் கூலியா என்று நான் கேட்பதற்குள் தெரு முடிந்துவிட்டது.

தண்டையார்பேட்டையில் ராமசுப்பு அண்ணாச்சியின் இரும்புக் கடை இருக்கிறதே, அதன் முன்வாசல் வழியாக நுழைந்தோம். அண்ணாச்சி ஆணி மூட்டை மேல் ஏறி நின்றுகொண்டார், ஆனால் வியாபாரி வியாபாரிதான், அந்த நிலைமையிலும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "எஞ்சின் கெடக்கட்டும் வே, சங்கிலிப் பல்லைப் பாரும். அரத்தைப் போட்டுப் போட்டு எலிப்பல்லா ஆக்கி வச்சிருக்கான். இதுக்கு மாத்துச் சங்கிலி மதராசுல எந்தக் கடையில கெடைக்கும்? எடைக்குப் போடுதீரா, எடுத்துக்கிடுதேன்" என்றார். இந்த அவமானம் தாங்காமல் ரம்பம் அவருடைய தராசுக் கம்பத்தை அறுத்துத் தள்ளிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறிற்று. அப்புறம் வழியில் அறுபட்ட மாட்டுவண்டி நுகத்தடிகளை நான் எண்ணவில்லை.

திருவொற்றியூரில் சௌக்கத் அலி பாயின் மரவாடி வாசலில் பெட்ரோல் தீர்ந்து, ரம்பம் ஒரு தும்மல் போட்டு நின்றது. பாய் அவசரப்படவில்லை. கயிற்றை மெதுவாக இழுத்து எஞ்சின் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார், சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றினார், அது ஓடுகிற தடத்தில் தேய்மானத்தைத் தடவினார். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறிக் கை மேல் போட்டார். மாட்டுச் சந்தைத் தரகர்களைப் போலவே அவருக்கும் வாயால் விலை பேசுகிற வழக்கமில்லை. துண்டுக்குள் அவர் விரலைப் பிடிக்க வேண்டும், ஒரு விரலுக்கு ஒரு நூறு. நான் முழுக்கையையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தேன். இது ஐந்நூறு, அடுத்து ஒரு விரல் பிடித்தால் அறுநூறு, உன் கப்பல் கரைக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்தேன். பாய் தலையை ஆட்டி, முன்னூறா, யோசிக்கலாம் என்றார்.

"இன்னா பாய், முழுக்கையையும் புடிச்சிகினு கீறேனே."

"புடிச்சே. எண்ணிப் பாரு நைனா."

எண்ணினேன். மூன்று. மீதி இரண்டு எங்கே என்று கேட்டதற்கு, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த பெரிய ரம்பத்தை மோவாயால் காட்டினார்.

"ஒண்ணு அது துன்னுச்சு. இன்னொண்ணு அதுக்கு முன்னாடி கீற மிஷினு துன்னுச்சு. இங்க பக்கத்துல ஆளு இருந்தாங்க, புடிச்சி இழுத்தாங்க, ரெண்டோட போச்சு. உன்னிது ஒத்த ஆளு மிஷினுன்றே. காட்டுல வழுக்கினா, இழுக்க ஆளு ஏது?"

ஆக, விலை முன்னூறு, நீ கேட்டதில் சரிபாதி. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். வளர்ந்த பிள்ளையின் காரியத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அக்காவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவள் வாசலுக்குப் போனாள்.

மழையில் நனையாதே. அட்டை கடித்தால் சுண்ணாம்பு வை. பெரியபாளையத்தம்மன் உன் முன்னால் ஒரு கண்ணும் பின்னால் ஒரு கண்ணுமாகக் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
பொன்னுரங்கம்.

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போடு. ரம்பம் கிளம்பவே இல்லை. பதினோரு தடவை கயிற்றை இழுத்ததில் என் தோள்பட்டைதான் கழன்றது. காக்கைகள் காசிமேட்டிலேயே இருக்கின்றன, சின்னப்பையனின் கட்டை முழுசாக இருக்கிறது, அண்ணாச்சி கடைப் பக்கமே நான் போகவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு நேரே பாயிடம்தான் போனேன். அவர் முன்னூறு என்றும் சொல்லவில்லை, முப்பது என்றும் சொல்லவில்லை. விலையைக் கேட்காமலே எழுந்து தந்தியாபீசுக்குப் போய்விட்டேன். தண்டபாணி கையெழுத்துப் போடமாட்டேன், அடுத்த கப்பலில் புறப்படுகிறேன் என்று உன் பெயரிலேயே உன் கம்பெனிக்குத் தந்தி போய்விட்டது. அங்கே இருக்கிறவன் மெட்ராஸிலிருந்து எப்படித் தந்தி அடித்தான் என்று துரை கேட்டால், எனக்கு ஒரு மாமன் இருக்கிறான் என்று சொல். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இத்தனை பொய்யிலும் ஒன்று மட்டும் நிஜம்: துண்டுக்குள் நான் பிடித்த கையில் மூன்றே விரல்கள்தான் இருந்தன.