ஒளியை முந்திய எலக்ட்ரானும் நான் கேட்ட மன்னிப்பும்

இருபத்து நான்கு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் இருக்கவில்லை. எம்.எஸ்சி. இயற்பியலை அப்போதுதான் முடித்திருந்தேன். கொல்லிமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை. (தற்காலிகம் என்பது வேலைக்குத்தான், தலைக்கனத்துக்கு அல்ல.) இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஜனவரி மாதம்.

அன்று பிளஸ் டூ வகுப்பில் சார்பியல் பாடம். "எந்தத் துகளும், எங்கேயும், எந்தச் சூழ்நிலையிலும் ஒளியை முந்த முடியாது" என்று கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து பூங்கொடி எழுந்தாள். அதிகம் பேசாத பெண்.

"சார், தண்ணிக்குள்ள எலக்ட்ரான் ஒளியை முந்திப் போகுமுங்களா? அணு உலைத் தண்ணி நீலமா ஒளிர்றது அதனாலதான்னு ஒரு புத்தகத்துல படிச்சேனுங்க."

நான் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதாகவே நினைவில்லை. அதை ஒப்புக்கொள்வதற்குப் பதில் சிரித்தேன்.

"எந்தப் புத்தகம்? பஞ்சாங்கமா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உனக்கெல்லாம் இயற்பியல் வராதும்மா, வேற ஏதாவது பாரு" என்றும் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை, மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் போனபோது, வேறு எதையோ தேடிக் கல்லூரிப் புத்தகத்தைப் பிரித்தேன். தண்ணீருக்குள் ஒளியின் வேகம் முக்கால் பங்காகக் குறைகிறது. அதிவேக எலக்ட்ரான் ஒன்று அங்கே ஒளியை முந்திவிடலாம். முந்தும்போது நீல ஒளி எழும். எல்லாம் தெளிவாக இருந்தது. அந்த வரிகளுக்கு அடியில் பென்சில் கோடும் இருந்தது. என் கோடு. பக்கத்தில் 'முக்கியம்' என்று என் கையெழுத்து. தண்ணீரில் ஒளி மெதுவாகும் என்பதை முதல் பருவத்தில் அதே வகுப்புக்கு நடத்தியவனும் நான்தான்.

அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் மலையேறினேன். கொண்டை ஊசி வளைவுகள் பாதி தாண்டுவதற்குள் வாந்தி. சட்டையின் முன்பக்கத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டு, ஈரத்தோடு மலைமேல் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் இருந்த பூங்கொடியின் ஊருக்கு நடந்தேன். மரங்களில் ஏறிப் படர்ந்த கொடிகளில் மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பூங்கொடியின் அப்பா ஒற்றை மூங்கில் ஏணியில், மரத்தின் பாதி உயரத்தில் நின்று பறித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் மரத்துக்கு ஓர் ஆள்.

"நான் ஸ்கூல்ல இருந்து வாரேனுங்க. பூங்கொடியோட இயற்பியல் சார்."

"வாங்க சார். இறங்க நேரமாகும். அப்படியே சொல்லுங்க."

"பூங்கொடி ஏன் வரலீங்க?"

"படிப்பு வராதுன்னு நீங்க சொன்னீங்களாம்லங்க. படிச்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். சரி, காட்டு வேலையைப் பாருன்னு சொல்லிட்டேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் சொன்னது தப்புங்க. உங்க பொண்ணு சொன்னதுதான் சரி."

"காத்து அடிக்குது சார். சத்தமாச் சொல்லுங்க."

அண்ணாந்து பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன். "எலக்ட்ரான் ஒளியை முந்துமுங்க."

பக்கத்து மரத்திலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "யாரு யாரை முந்துனாங்களாம்?"

"வெளிச்சத்தை ஏதோ முந்திருச்சாம். சாருக்குத் தெரியாமப் போச்சாம்" என்றார் இன்னொரு மரத்திலிருந்தவர். செய்தி மரத்துக்கு மரம் போனது. என் ஈரச் சட்டை காய்வதற்குள் அந்தக் காடு முழுவதற்கும் என் தப்பு தெரிந்துவிட்டது.

பறித்த மிளகைக் குவித்துக்கொண்டிருந்த பூங்கொடி எழுந்து அருகில் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெற்றிடத்துல முந்தாதுங்க சார். தண்ணியில மட்டுந்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

சேர்த்துக் கத்தினேன். வேறு வழியில்லை. பிறகு அவளிடம், "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றேன். அதைக் கத்தத் தேவையிருக்கவில்லை.

அப்பா ஏணியில் இருந்தபடியே சொன்னார். "சரி கண்ணு. சாரே வந்து சொல்லிட்டாரு. நாளைக்குக் கிளம்பு."

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகை வாசகத்தைத் திருத்தினேன். பூங்கொடி வந்திருந்தாள். ஆனால் அவள் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வாரக்கணக்கில் கேட்கவில்லை. ஒரு சிரிப்புக்கு அவ்வளவு விலை என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பில்தான் கை தூக்கினாள்.

"வெற்றிடத்துலயும் ஒளியை முந்துற துகள் ஒண்ணு இனிமே கண்டுபிடிச்சுருவாங்களா சார்?"

"இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. இனிமேல் எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். ஒரு வகுப்பறையில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு கல்லூரியில் இயற்பியலே எடுத்தாள்.

திருமணமான புதிதில் இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றும் வீட்டில் ஏதாவது தப்பை நான் வாய்க்குள் முணுமுணுத்து ஒப்புக்கொண்டால், அவள் சமையலறையிலிருந்தே கேட்பாள்: "மரத்து மேல இருக்கறவங்களுக்கும் கேக்கணுமுங்க."