நான்காம் விதியும் நாற்பத்தோரு துப்பாக்கிகளும்

மனித குலம் இதுவரை மூன்று பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்திருக்கிறது. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, அமெரிக்காவின் மான்டானா மாநிலம் ஆன்ட்லர் கிரீக் துப்பாக்கிக் கழகத்தின் "நீண்டகால வெளிநாட்டுப் பயணியர் ஆயுதப் பாதுகாப்புத் திட்டம்". முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் பெயர் தெரியாது. மூன்றாவதன் விதிகளை எழுதியவன் நான். பெயர் லாய்ட். கழகத்தின் செயலாளராகப் பதினாறு வருடமாகப் போட்டியின்றித் தேர்வு பெற்று வருகிறேன். மற்றவர்கள் யாருக்கும் தட்டச்சு தெரியாது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

திட்டம் பிறக்கக் காரணம் ஹார்லன் ட்வெய்ட். சுரங்கப் பொறியாளர். சிலி நாட்டில் ஒரு செப்புச் சுரங்கத்தில் அவருக்கு இரண்டு வருட வேலை கிடைத்தது. மனைவி டார்லீனும் கூடப் போகிறாள். வீட்டைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. மிச்சம் இருந்தது ஹார்லனின் சேகரிப்பு. நாற்பத்தோரு துப்பாக்கிகள்.

"ஷெரீஃப்கிட்ட குடுத்து வெச்சிட்டுப் போலாமே" என்றாள் டார்லீன்.

"ஷெரீஃப் அரசாங்கம்."

"அவன் உன் சித்தி மகன்."

"சித்தி மகனா இருந்தாலும் அரசாங்கம் அரசாங்கம்தான்."

இந்தத் தெளிவு எல்லோருக்கும் வாய்க்காது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் வாய்த்திருக்கிறது.

நல்லவேளையாகக் கழகத்தின் கட்டடம் ஒரு காலத்தில் வங்கியாக இருந்தது. வங்கி ஊரை விட்டுப் போய்விட்டது. அதன் இரும்பு அறை மட்டும் போகவில்லை, கதவை யாராலும் நகர்த்த முடியவில்லை. அந்த அறையைச் சேகரிப்புக்கு ஒதுக்குவது என்று சிறப்புக் கூட்டம் கூடியது. அறையின் ஈரப்பதம் நாற்பத்தைந்து சதவீதமா, ஐம்பதா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தோம். முப்பது வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு உறுப்பினர்கள் அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரை முட்டாள் என்றார். நாற்பத்தைந்து வென்றது.

பிறகு தலைவர் ஹன்சேக்கர் எழுந்தார். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எதையும் கேள்வியாகக் கேட்டே பதிலை வரவழைப்பார்.

"ஊர்ல இருக்கற ஒருத்தனோட துப்பாக்கிய வாங்கி உள்ள வெச்சுப் பூட்டினா அதுக்குப் பேரு என்ன?"

"பறிமுதல்" என்றோம் எல்லோரும்.

"பறிமுதல் பண்றது யாரு?"

"அரசாங்கம்."

"நாம அரசாங்கமா?"

இப்படித்தான் நான்காம் விதி உதித்தது. துப்பாக்கியின் உரிமையாளர் குறைந்தது தொண்ணூறு நாள் வெளிநாட்டில் இருக்க வேண்டும். அதற்குச் சான்றாகப் பாஸ்போர்ட் நகலும் விமான டிக்கெட்டும் இணைக்க வேண்டும். ஊரில் இருப்பவருடையதைக் கழகம் ஒருநாளும் வாங்கி வைக்காது. அந்தக் கடைசி வரியைத் தட்டச்சு செய்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது.

வழியனுப்பு விழா மே மாதம் நடந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண்ணெய் பூசி, சாம்பல் நிற உறை மாட்டி, எண் கட்டினோம். பாதிரியார் ஜெபித்தார். ஹார்லன் ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டார்லீன் ஒற்றைப் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"என் கல்யாண ஆல்பம் மாட்டுக் கொட்டகையில வைக்கோலுக்கு அடியில கெடக்கு. அதுக்கு உறை ஏதும் இருக்கா, லாய்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைக் காருக்குப் பக்கத்தில் தனியாகக் கூட்டிப்போனாள்.

"என் தம்பிய கொஞ்சம் பாத்துக்க. பொண்டாட்டி ஷெர்ரி விட்டுட்டுப் போனதுலேர்ந்து டெல்மர் ஆளே சரியில்ல. ராத்திரி தூங்கறதில்லையாம். எனக்குப் பயமா இருக்கு. வாரத்துக்கு ஒருதரம் போயி, எறங்கி, உக்காந்து ஒரு காப்பி குடி. அவ்ளோதான் கேக்கறேன்."

"நீ நிம்மதியா போ. எல்லாம் பத்திரமா இருக்கும்" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். செவ்வாய்தோறும் இரும்பு அறையைத் திறந்து நாற்பத்தோரு உறைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, விளக்கு அடித்துப் பார்த்து, ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்வேன். மூன்று மணி நேரம் பிடிக்கும். டெல்மரின் பண்ணை அங்கிருந்து மூன்று மைல். அந்த வழியாகப் போகும்போது ஹாரன் அடிப்பேன். அவன் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவிலிருந்து கையைத் தூக்குவான். எங்கள் பக்கத்தில் ஒரு ஹாரனும் ஒரு கையும் முழு உரையாடல். அதற்கு மேல் ஒருவனை விசாரித்தால் அவன் வேலிக்குள் கால் வைத்ததாக அர்த்தம்.

ஆகஸ்டில் டெல்மர் தன் குதிரைகளை விற்றான். செப்டம்பரில் தன் நாயை ஹன்சேக்கரிடம் கொடுத்தான்.

"பத்து வருஷமா கூடவே இருந்த நாய்ய்யா. சும்மாவே குடுத்துட்டான். தீனி மூட்டையையும் சேத்துக் குடுத்தான்" என்றார் ஹன்சேக்கர், காலைச் சிற்றுண்டிக் கடையில்.

"தங்கமான மனுஷன்" என்றேன்.

மேசையில் இருந்த ஆறு பேரும் தங்கம்தான் என்று ஒத்துக்கொண்டு அப்பத்தின் மேல் பாகு ஊற்றினோம். அந்த வாரம் பதினேழாம் எண் துப்பாக்கியின் உறையில் மிளகளவு எண்ணெய்க் கறை காணப்பட்டதால் அவசரக் கூட்டம் கூட்டினேன். சிலியிலிருந்து ஹார்லனும் தொலைபேசியில் கலந்துகொண்டார். கறை பற்றிய பேச்சு முடிந்ததும் டார்லீன் வாங்கிப் பேசினாள்.

"டெல்மர் போன எடுக்கவே மாட்டேங்கறான். நீ போனியா?"

"செவ்வாய்க்கிழமை பாத்தேன். கைய ஆட்டினான்."

"எறங்கினியா?"

"நல்லாத்தான் ஆட்டினான், டார்லீன்."

அக்டோபர் மாதாந்தரக் கூட்டத்துக்கு டெல்மரே வந்தான். உறுப்பினர்தான், ஆனால் கூட்டத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. கையில் சமையலறைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். மேசையில் வைத்துப் பிரித்தான். அவன் அப்பாவின் ரிவால்வர். குண்டுகளை எடுத்துத் தனியாகத் தகர டப்பாவில் போட்டிருந்தான்.

"இத அந்த ரூமுக்குள்ள வெச்சுக்கங்க" என்றான்.

ஹன்சேக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எந்த நாட்டுக்குப் போற, டெல்மர்?"

"எங்கயும் போகல."

"டிக்கெட்டு?"

"இல்லீங்க. கொஞ்ச நாளைக்கு இது வீட்ல இருக்க வேணாம்னு பாத்தேன். குளிர்காலம் போகட்டும். அப்பறம் வந்து வாங்கிக்கறேன்."

அவன் சொன்னது அந்த அறையில் இருந்த இருபத்துமூன்று பேருக்கும் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்வது மரியாதை இல்லை. ஆகவே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விதிப்புத்தகத்தைப் பார்த்தேன்.

"நாலாம் விதி இடிக்குது" என்றேன்.

"ஒரு மூணு மாசம் கனடா போயிட்டு வாயேன்" என்றார் ஹன்சேக்கர், உதவும் எண்ணத்தோடு. "பக்கந்தானே. நாடுன்னா அதுவும் ஒரு நாடுதான்."

"மாடுங்கள யாரு பாத்துக்கறது?"

"அதுவும் சரி."

பொருளாளர் நார்மா எழுந்தாள். கோழிப்பண்ணை வைத்திருப்பவள். வாய் கொஞ்சம் நீளம். "ஏன்யா, வெச்சுக்கிட்டா என்ன கொறஞ்சு போயிடும்? உள்ள நாப்பத்தொண்ணு இருக்கு. நாப்பத்திரண்டாவதுக்கு எடமில்லையா? கடுகு போன எடத்த ஆராயறீங்க, பூசணிக்கா போறது கண்ணுக்குத் தெரியல."

"எடம் இருக்கு, நார்மா. விதி இல்ல" என்றார் ஹன்சேக்கர். "இன்னிக்கு டெல்மரோடத வாங்குவோம். நாளைக்கு ஊர்ல மனசு சரியில்லாதவன் எல்லாம் கொண்டாந்து குடுப்பான். அப்பறம் ஊர்ல ஆயுதம் யார்கிட்ட மிஞ்சும்?"

ஆழமான கேள்வி. ஆனாலும் கழகம் கல்நெஞ்சுக் கழகம் அல்ல. நான்காம் விதிக்குத் திருத்தம் கொண்டுவரலாம் என்று நார்மா முன்மொழிந்ததைப் பதிவு செய்துகொண்டோம். திருத்தம் இரண்டு கூட்டங்களில் வாசிக்கப்பட வேண்டும். நவம்பரில் மான் வேட்டைக்காகக் கூட்டம் கிடையாது. எனவே முதல் வாசிப்பு டிசம்பர், இரண்டாவது ஜனவரி.

"ஜனவரி" என்றான் டெல்மர்.

"கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துரும்" என்றேன்.

அவன் ரிவால்வரைத் திரும்பத் துணியில் சுற்றினான். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், துரு பிடிக்காமல் வீட்டிலேயே பராமரிக்கட்டும் என்று புதிய உறை ஒன்றை இலவசமாகக் கொடுத்தோம். அவன் நன்றி சொன்னான். நார்மா தன் கோட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அவன் வண்டி கிளம்பிவிட்டது.

நவம்பர் இரண்டாவது வாரம் டெல்மரின் மாடுகள் விடாமல் கத்துவதைக் கேட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் போய்ப் பார்த்தார். டெல்மர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான். நாற்பத்தாறு வயது. அவர் போய்ப் பார்த்தது, நான் ஹாரன் அடித்துவிட்டுப் போன செவ்வாய்க்கு மறுநாள். அந்தச் செவ்வாய் அவன் கையைத் தூக்கவில்லை, வெளியே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இரும்பு அறைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்குக் கழகம் முழுவதும் வந்தது. வேட்டையை விட்டுவிட்டு வந்தோம் என்பதைப் பதிவு செய்கிறேன். தேவாலயத்தின் அடித்தளத்தில் உருளைக்கிழங்கும் பன்றித்தொடைக் கறியும் பரிமாறினார்கள். டார்லீன் சிலியிலிருந்து தனியாக வந்திருந்தாள். எதையும் தொடவில்லை. ஹன்சேக்கர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன்" என்றார். அவள் கையை உருவிக்கொண்டாள்.

மறுநாள் காலை கழகத்துக்கு வந்தாள். ஷெரீஃப் அவளிடம் ஒப்படைத்த ரிவால்வரை மேசையில் வைத்தாள். நாங்கள் கொடுத்த உறையிலேயே இருந்தது.

"இப்ப இது என்னோடது. நான் வெளிநாட்டுல இருக்கேன். இந்தா பாஸ்போர்ட்டு. இந்தா டிக்கெட்டு. விதி சரியா இருக்கா, லாய்டு?"

"இருக்கு" என்றேன்.

"அப்ப வெச்சுக்கங்க."

ஹன்சேக்கர் தொலைபேசியிலேயே ஒப்புதல் தந்தார். மொத்தம் நான்கு நிமிடம். திட்டத்தின் வரலாற்றில் இவ்வளவு விரைவாக எந்த விண்ணப்பமும் நிறைவேறியதில்லை. நாற்பத்திரண்டாம் எண்ணைக் கட்டி உள்ளே வைத்தேன். ஈரப்பதம் நாற்பத்தைந்து. துரு இல்லை.

விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பகுதி மட்டும் பாக்கி இருந்தது. "இப்பொருள் இதற்கு முன் கழகத்தால் நிராகரிக்கப்பட்டதுண்டா?" என்ற கட்டத்தில் டார்லீன் "உண்டு" என்று எழுதிவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள். அடுத்த கட்டம் நிராகரித்ததற்கான காரணம். அதைச் செயலாளர்தான் நிரப்ப வேண்டும். அதுவும் நான் எழுதிய விதி. அவள் பார்த்துக்கொண்டிருக்க, தெளிவான கையெழுத்தில் எழுதினேன்: "உரிமையாளர் அப்போது உயிரோடு, ஊரில் இருந்தார்."