உன் அக்காவைத் தாங்காத டிரெட்மில்

அன்பும் பொறுமையும் மிகுந்த மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருந்தால் அதையே எங்கள் நலமாகவும் கணக்கு வைத்துக்கொள்கிறோம்.

விஷயம் உன் அக்காவுக்கு வாங்கிய டிரெட்மில் பற்றியது. சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, தினமும் நடக்காவிட்டால் அடுத்த முறை ஊசிதான் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஊசி என்றால் அவள் எப்படி நடுங்குவாள் என்பதும் தெரியும். தெருவில் நடந்தால் என்ன என்று கேட்டேன். கேட்டது தப்பாகிவிட்டது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் அல்லவா, இந்தத் தெருவில் மருந்துக்கடைக்காரன் முதல் பால்காரன் வரை எல்லோரும் அவளிடம் முட்டி போட்டவர்கள். "அதுங்களை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டவ நான். இப்ப நான் மூச்சு வாங்கிட்டு நடக்கறதை அதுங்க பார்த்துச் சிரிக்கணுமா?" என்றாள். சரி, வீட்டுக்குள்ளேயே நட தாயே என்று கடைக்கு அழைத்துப் போனேன்.

கடையில் மேடு ஏறுகிற டிரெட்மில் ஒன்று, மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற டிரெட்மில் ஒன்று, பாட்டுப் பாடுகிற டிரெட்மில் ஒன்று என்று வரிசையாக நின்றன. நான் மோட்டாரைப் பற்றிக் கேட்டேன், அவள் துடைப்பது சுலபமா என்று கேட்டாள். கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடக்கப் போறவங்க எடை எவ்வளவுங்க? அதை வெச்சுத்தான் மாடல் சொல்ல முடியும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா, பள்ளியில் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் ஒரு எண்ணைச் சொன்னாள். அது எங்கள் கல்யாணத்தின்போது அவளுக்கு இருந்த எடை. மச்சான், நான் யார்? வேலைக்காலம் முழுக்க லாரி எடைமேடையில் உட்கார்ந்தவன். மணல் லாரி வளைவில் திரும்பும்போதே பாரம் கூடுதல் என்று சொல்லிவிடுவேன். லாரி முதலாளிகள் மிரட்டியும் பொய் எடைக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான் அவள் பார்த்த பார்வையில் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். "அப்ப இந்தச் சின்ன மாடலே தாராளம்" என்று கடைக்காரர் கட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தது. உன் அக்கா புதுக் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினாள். பட்டை நகர்ந்தது, முனகியது, ரப்பர் கருகும் வாசனை வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, நின்றே போனது. என்ன கோளாறு என்று பார்க்க நான் ஏறினேன் பார், அங்கேதான் சனி பிடித்தது. ஒட்டடைக்குச்சி போன்ற என்னைச் சுமந்துகொண்டு அது ஜம்மென்று ஓடியது. நிறுத்தத் தெரியாமல் நானும் ஓடிக்கொண்டே இருந்தேன். அவள் மின்கம்பியைப் பிடுங்கி என்னை இறக்கினாள்.

"நீங்க கடையிலயே உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

"அங்கேயே உங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

இதற்கு எந்த நீதிமன்றத்தில் பதில் இருக்கிறது, நீயே சொல். மறுபடி கடைக்குப் போனேன். பெரிய மாடலாக மாற்றித் தருவார்களாம், ஆனால் நடக்கப் போகிறவர் நேரில் வந்து கடைத் தராசில் ஏறி நிற்க வேண்டுமாம். வீட்டில் வந்து சொன்னேன். "அதுக்கு ஊசியே மேல்" என்றாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதாள், மச்சான். காலணியைத் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டாள். டிரெட்மில்லின் கைப்பிடியில் இப்போது ஈரத் துண்டு காய்கிறது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூட ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கத்தினால் தாங்குவேன், இப்படிச் சும்மா இருப்பதுதான் பயமாக இருக்கிறது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாரிடம் திட்டு வாங்குவேன்?

ஆகவே உடனே புறப்பட்டு வா. உன் பேச்சைத்தான் கேட்பாள். எப்படியாவது அவளைத் தராசில் ஏற்றிவிடு. முடியாவிட்டால் இந்த டிரெட்மில்லையாவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடு. நான் எழுதியது அவளுக்குத் தெரியவே கூடாது.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் எடை கூடாமலும் குறையாமலும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வாயைத் திறந்தாலும் மூடினாலும் மாட்டிக்கொள்ளும்
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. கடிதத்தை உறையில் போடும்போது உன் அக்கா பார்த்துவிட்டாள். "என் மானத்தைத் தம்பிகிட்ட ஏலம் போடறீங்களா? குடுங்க இப்படி!" என்று பாய்ந்தாள். நான் கடிதத்தோடு தெருவில் இறங்கி ஓடினேன். அவளும் வீட்டுச் செருப்போடு துரத்தி வந்தாள். மருந்துக்கடைக்காரன் எழுந்து நின்று, "டீச்சர், வாக்கிங்கா?" என்றான். அவள் நிற்காமலே, "ஆமாண்டா, கண்ணு தெரியலையா?" என்றாள். இதைத் தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இருவருக்கும் மூச்சு வாங்குகிறது. கடிதத்தைப் பிடுங்கி முழுக்கப் படித்தாள், ஆங்காங்கே பிழை திருத்தினாள், திட்டு வாங்குகிற வரியில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் நீட்டி, "போடுங்க. நாளைக்கும் ஏதாவது எழுதுங்க, துரத்திட்டு வரேன்" என்றாள். ஆகவே நீ வர வேண்டாம். இனி தினமும் உனக்கு என்னிடமிருந்து ஒரு கடிதம் வரும். பிரித்துப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.