அழுகப் போவது முதலில்

உலகத்தில் மாம்பழம் தின்பவர்கள் உண்டு, தின்னாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: மாம்பழத்தைக் காப்பாற்றுகிறவர்கள். கூடை வந்து இறங்கியதும் மற்றவர்கள் பழத்தை மூக்கால் பார்ப்பார்கள். இவர்கள் கட்டைவிரலால் பார்ப்பார்கள்.

எங்கள் மாடிவீட்டு மருந்துக்கடைக்காரர் இந்த இனத்தின் தலைமகன். காலாவதியாகப் போகும் மருந்தை முன்வரிசைக்குக் கொண்டுவந்து முதலில் தள்ளிவிடுவது கடையில் அவருக்குப் பிழைப்பு. அதையே வீட்டிலும் சட்டமாக்கினால் என்ன ஆகும்? ஆனதைத்தான் சொல்ல வந்தேன்.

மாம்பழக் காலம் வந்துவிட்டால் மனிதர் கூடையும் கையுமாகத்தான் வீடு திரும்புவார். கட்டிலுக்கடியில் பழைய பேப்பரை விரித்து, ஒன்றோடொன்று இடிக்காமல் பழங்களைப் படுக்க வைப்பார். காலையில் பல்கூடத் தேய்க்காமல் குனிந்து ஒவ்வொன்றுக்கும் நாடி பார்ப்பார். எது சற்றுக் குழைந்திருக்கிறதோ, எதன் காம்படியில் கருப்பு விழுந்திருக்கிறதோ, எதில் எறும்பு குடியேற உத்தேசித்திருக்கிறதோ, அதை மட்டும் மேசைக்குக் கொண்டுவந்து, "இதை முதல்ல முடிங்க, வீணாப் போயிடும்" என்பார்.

"அந்தப் பெரிய மஞ்சள் பழம்ப்பா?" என்று மகள் கேட்பாள்.

"அது நல்லா இருக்கும்மா. இருக்கட்டும்."

நன்றாக இருக்கிறது, ஆகவே தின்னக் கூடாது. புரிகிறதா? இரண்டு நாளில் அந்த மஞ்சள் பழத்தின் கன்னத்திலும் கருப்பு விழும். உடனே அதற்குத் தின்னப்படும் தகுதி வந்துவிடும். இப்படி, கூடை கூடையாக அருமையான பழம் வாங்கியும், பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சந்தேகத்தோடு மெல்லும் குடும்பமாக அது விளங்கியது.

இத்தனையும் தாண்டித் தப்பிய பழங்களை அவரே ஜாமாகக் காய்ச்சுவார். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. வாசனைக்குத் தெருவே மாடியை அண்ணாந்து பார்க்கும். பார்த்து என்ன பயன்? பாட்டிலில் அடைத்து, தேதி ஒட்டி, அலமாரியின் பின்வரிசையில் வைத்துவிடுவார். முன்வரிசையில் போன வருஷத்து ஜாம் இருக்கிறதே!

இந்த வருஷம் மருந்து வியாபாரிகள் கூட்டம் என்று வெளியூர் போனார். போகும்போது, "ஓரத்துல இருக்கிறதை மட்டும் எடுத்துக்கோங்க, நடுவுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பி வந்தபோது நடு காலி.

"நல்ல பழத்தையெல்லாம் தின்னுட்டீங்களா!" என்ற அலறல் கீழ்வீட்டில் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் மேலே ஏறாவிட்டால் நான் என்ன அக்கம்பக்கத்தான்? போய்ப் பார்த்தால், மேசையில் சப்பித் துப்பிய கொட்டைகள். முழங்கை வரை சாறு வழிய மகள். பக்கத்தில் அவர் மனைவி, கணக்கு டீச்சர்.

"ஆமாங்க, தின்னுட்டோம்" என்றார் டீச்சர். "கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நான் இன்னைக்குத்தான் மாம்பழம் தின்னேன்."

அந்தக் குரலில் சண்டை இல்லை. இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

"உங்களுக்கும் ஒண்ணு வச்சிருக்கோம்ப்பா" என்று மகள் ஒரு துண்டை அரிந்து அவர் வாயில் வைத்தாள். கோபத்தோடு மெல்ல ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தினார். கண்ணை மூடினார். பிறகு, எதையோ தொலைத்தவர் போல, "இப்படியா இருக்கும்?" என்று கேட்டார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். மறுநாளே இரண்டு கூடை வாங்கி வந்து, "இவ்வளவு நல்ல பழத்தைச் சும்மா தின்னு தீர்க்கலாமா?" என்று அத்தனையையும் அடுப்பில் ஏற்றிவிட்டார்!

ஜாம் பதத்துக்கு வந்ததும் டீச்சர் ஸ்பூனை விட்டு எடுத்து, ஊதி, மகளுக்குக் கொடுத்தார். சாட்சியாக நின்றிருந்த எனக்கும் ஒரு ஸ்பூன் கிடைத்தது.

"ஐயோ, போன வருஷத்து பாட்டிலே இன்னும்..." என்று அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஸ்பூன் போயிற்று.

"சூடா இருக்கு" என்றார் முதலில். பிறகு, யாரையும் பார்க்காமல், "இன்னொண்ணு குடு." அன்று பாட்டிலுக்குப் போனது பாதிதான்.

சிரித்தது போதும். பரிசாக வந்த கோப்பைகளை விருந்தாளிக்கென்று பூட்டி வைத்துவிட்டு, காது உடைந்த கோப்பையில் காப்பி குடிப்பவர் யார்? புதுச் சட்டையை "எங்கேயாவது போகும்போது" என்று மடித்து வைத்து, இன்று பொத்தான் எட்டாமல் வயிற்றை முறைப்பவர் யார்? அவ்வளவு ஏன், இந்தப் புத்தகத்தில் சுமாரானதையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, 'இது நன்றாக இருக்கும் போலிருக்கிறதே, இருக்கட்டும்' என்று இந்தக் கதையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தவர் நீங்கள்தானே?