புதுப்பட்டினத்துக் கடலில் ஒரு மலை

புதுப்பட்டினத்துக் கடலில் இருபது மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை முளைத்திருந்தது. நல்லவேளை, ஜெயப்பிரியாவின் திரையில் மட்டும்.

காரணம் அவளுக்குத் தெரியும். புதுப்பட்டினம் அலுவலகத்துக் கணினி கடலை அளக்கிறது. அதற்கு இருபது என்றால் ஆழம். கேளம்பாக்கம் அலுவலகத்துக் கணினி நிலத்தை அளக்கிறது. அதற்கு இருபது என்றால் உயரம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்க்கத்தான் அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. மலை நின்றால் வேலை போய்விடும் என்று பயந்தாள்.

எல்லா எண்களுக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டாள். மலை சமர்த்தாகக் கடலுக்குள் போனது. கூடவே கேளம்பாக்கமும் போனது. பொறுப்பான கணினி, அவள் இருந்த கேளம்பாக்கம் அலுவலகத்தில் அத்தனை பேர் போனுக்கும் வெள்ள எச்சரிக்கை அனுப்பிவிட்டது. கேன்டீன் நடத்தும் பாப்பா அக்கா இட்லிக் குண்டானோடு மொட்டை மாடி ஏறிவிட்டார்.

போட்ட குறியை எடுத்துவிட்டு, நிலப் பிரிவுத் தலைவர் தணிகைவேலிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேல போறதுதாம்மா கூட்டல். அந்தம்மாவ மாத்திக்கச் சொல்லு."

அந்தம்மா என்பது கடல் பிரிவுத் தலைவி சம்பூர்ணம். போனில் பிடித்தாள். கடலில் ஆழம்தான் கணக்கு, அவரை மாற்றச் சொல் என்றார் அவரும். இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது, வேலை போய்விடும் என்றாள் ஜெயப்பிரியா. அதைக் கேட்டு அவர் குரல் இளகிவிட்டது.

"சரி, நானே மாத்திக்கிறேன். விட்டுக்குடுத்தேன்னு மட்டும் அந்த மனுசன்கிட்ட சொல்லிடாத."

நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், மலையைக் காணோம், ஆனால் கேளம்பாக்கம் மறுபடியும் கடலுக்குள் போயிருந்தது. தான் மறுத்ததும் அவள் முகம் வாடியதைப் பார்த்து மனசு கேட்காத தணிகைவேல், யாரிடமும் மூச்சு விடாமல் தன் கணினியை ஆழக் கணக்குக்கு மாற்றியிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்ததில், பழையபடி எதிரும் புதிருமாகவே நின்றார்கள்.

மாலையில் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தணிகைவேலுக்காகக் காருடன் காத்திருந்த டிரைவர் தனகோடி, "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" என்றார். நடந்ததையெல்லாம் சொன்னாள். இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை, இனி தனக்கு இங்கே வேலை இல்லை என்றாள்.

தனகோடி சிரித்தார்.

"அவங்க புருசன் பொண்டாட்டிம்மா. ரெண்டு பேரும் பேசிக்கறதில்லன்னுதான் நடுவுல உன்ன வெச்சாங்க. ஒத்துப்போனாத்தான் உனக்கு வேல போவும்."