சக்கரவர்த்தி எடுத்த சங்கு

"நாளைக்கு நான் கடல்ல குதிக்கேன்!"

அறிவித்த வேகத்தில் எழுந்த சிலுவை, வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பழைய சங்கில் கால் இடித்து ஒற்றைக்காலில் ஆடினான். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கிளாடிஸ் திரும்பினாள்.

"எதுக்கு?"

"சங்கெடுக்க. சினிமா பாத்துட்டு வீரம் பேசுதீரே, துறைமுகத்துல உப்பு மூடை எண்ணுதவனுக்குக் கடல் தெரியுமான்னு டீக்கடை சொரிமுத்து கேக்கான். எடுக்காட்டா மீசைய எடுக்கேன்னுட்டேன்."

"மீசை வளரும். ஆளு?"

"ஏளா, காப்பியத்துல ஒத்த ஆளு ஒரு படையவே வெட்டுதான். சினிமாவுல ஒருத்தன் முதலை வாயப் பொளக்கான். எவன் பொண்டாட்டியாவது எதுக்குன்னு கேட்டாளா?"

"அவனுவளுக்குக் கைப்புள்ள இருந்துச்சா?"

அவள் அழுது தடுப்பாள், போனால் போகிறதென்று அடங்கிவிடலாம் என்று காத்திருந்தான் சிலுவை. அவளோ பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

"சரி, போங்க. கயித்த யாரு பிடிப்பா?"

மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாளின் கயிற்றை அந்தக் கரையில் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனுக்கும் மனம் வராதே! ஆனால் கிளாடிஸின் அண்ணன் ரோச்சோடு பேச்சுவார்த்தை கிடையாது. கோயில் திருவிழா நாடகத்தில் சிலுவை சக்கரவர்த்தி. வெட்ட ஓங்கிய அட்டைக்கத்தி மடங்கியது. முன்வரிசையில் ரோச் சிரித்துவிட்டான். அத்தோடு உறவு முறிந்தது. கிளாடிஸும் அண்ணன் வீட்டுக்குப் போகக்கூடாதென்று உத்தரவு.

விடிந்ததும் கண்ணாடியில் மீசையைப் பார்த்தான். வேறு வழியில்லை. ரோச்சைத் தேடிப் போனான்.

கரையில் வள்ளம் தயாராக நின்றது.

"வாரும் மச்சான்" என்றான் ரோச். நடுக்கடலில் சிலுவையின் இடுப்பில் கயிற்றையும் வலைப்பையையும் கட்டி, முடிச்சை இறுக்கும்போதுதான் கேட்டான்: "கத்தி கொண்டாந்தீரா?"

ஆளை ஆழத்துக்கு இழுக்கும் கல்லோடு இறங்கினான் சிலுவை. காதுக்குள் ஊசி குத்தியது. கண்ணைத் திறக்கப் பயம். கையில் அகப்பட்டதெல்லாம் மணல். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. கயிற்றை இழுத்தான். அசைவில்லை.

மேலே இருப்பவன் ரோச். அவனை ஏசிய ஏச்செல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. மறுபடி இழுத்தான். மாதாவே, என் பிள்ளை!

கயிறு விறைத்தது.

வள்ளத்தில் குப்புறக் கிடந்து உப்புத்தண்ணீரைக் கக்கினான். அவன் இடுப்பருகே ரோச்சின் கை துழாவியது.

"அடடே, பையில என்னமோ கனக்கே!"

சங்கு!

"நானா எடுத்தேன்?"

"பின்ன, நானா குதிச்சேன்?"

"மச்சான்!" ரோச்சைக் கட்டிக்கொண்டு அழுதான் சிலுவை. "இன்னைக்கு மத்தியானம் நம்ம வீட்லதான் சோறு!"

கரையில் சொரிமுத்து சங்கைப் புரட்டிப் பார்த்தான். "சங்கு மேல்தோலோடல்லா வரும்? இது வெள்ள வெளேர்னு இருக்கே அண்ணாச்சி!"

"வீரன் கை பட்டா தோலு தானா உரியும்லே!"

மீசையை முறுக்கியபடி வீட்டுக்கு வந்தான். காற்றில் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. கிளாடிஸ் சங்கை வாங்கினாள். குனிந்து கதவடியில் வைத்தாள். தரையிலிருந்த பழைய தடத்தில் அது அம்சமாக உட்கார்ந்தது.

"நேத்து சாயங்காலமே அண்ணன்ட்ட குடுத்துட்டு வந்தேன்" என்றாள். "கதவு அடிச்ச அடியில புள்ளதான் பாவம், தூங்கவே இல்ல."