பொம்மை பிரேக்

தெருமுனை சிக்னலில் கார் பூப்போல நின்றது.

"பாத்தீங்களா, எப்படி நிறுத்தினேன்னு?" என்றாள் அவள்.

"பிரமாதம்," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த கணவர். செய்தித்தாள் வாங்க இறங்கினார். இருபுறமும் பார்த்துவிட்டு வெள்ளைக் கோடுகளின் மேல் நடந்தார். பாதி தூரம் போயிருப்பார். சிவப்பு விளக்கை மதிக்காத ஒரு வேன் வந்தது.

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், ஒரு விதியையும் மீறாமல் போய்ச் சேர்ந்தார். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் போனதும் மகள் ஆரம்பித்தாள்.

"அம்மா, காரை வித்துடலாம்."

"அது அப்பா காருடி. இத்தனை வருஷம் நான்தானே ஓட்டினேன், ஒரு கீறல் உண்டா?"

உண்மைதான். ஆனால் ஆரம்பத்தில் அவர் படுத்திய பாடு! பயிற்சிக் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் வீட்டுக் காரிலும் வெறும் தரையை மிதிப்பார். "பிடி, பிடி!" என்று அலறுவார். கால்மிதியே ஓட்டையாகிவிட்டது. பொறுக்கமாட்டாமல் அவள் மெக்கானிக்கிடம் சொல்லி, எதனோடும் சேராத ஒரு பழைய பெடலை அவர் காலடியில் மாட்டவைத்தாள். அழுகிற குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்த மாதிரி, மனிதரின் வாய் மூடிக்கொண்டது. கால் மட்டும் அந்தப் பொம்மையை மிதித்துக்கொண்டே இருந்தது.

இப்போது அந்த இருக்கை காலி. அவள் தனியாகக் காரை எடுத்தாள். சொந்த வீட்டு கேட் நசுங்கியது.

"பிரேக் பிடிக்கலடி!"

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயில் மாற்றினார்கள். மறுநாள் எதிர்வீட்டு ஸ்கூட்டர் பூந்தொட்டியோடு சாய்ந்தது.

"அது நகரக்கூட இல்லையேம்மா, சும்மாதானே நின்னுச்சு!" என்றார் எதிர்வீட்டுக்காரர், அழாத குறையாக.

பிரேக் பேடையும் மாற்றினார்கள். இப்போது தொட்டாலே பிடித்தது. நடுரோட்டில் கார் திடுமென்று நிற்க, பின்னால் வந்த டாக்ஸி டிக்கியை அப்பளமாக்கியது.

"முன்னாடி முடிஞ்சது, பின்னாடியும் முடிஞ்சது. பக்கவாட்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மகள்.

அடுத்த முறை அதே சிக்னல். அதே வெள்ளைக் கோடுகள். செய்தித்தாளோடு ஒருவர் கடந்துகொண்டிருந்தார். அவள் பதறி மிதித்தாள். கார் வழுக்கிப் போய் அவர் முழங்காலைத் தொட்டு நின்றது. அவர் பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, அவளையே பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை மகளிடம் நீட்டினாள்.

"நம்ம பழைய மெக்கானிக்கைக் கூப்பிடு. அவனும் பிரேக் சரியா இருக்குன்னா வித்துடு."

மெக்கானிக் வந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினான். அவள் திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பொம்மைப் பெடலைப் பார்த்தாள். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"பாவம் மனுஷன். சும்மா ஒரு பொம்மைன்னு தெரியாமலே மிதிச்சிருக்காரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"பொம்மையா? நீங்க மாட்டச் சொன்ன மறுநாளே சார் வந்து அதை நிஜ பிரேக்கா மாத்திக்கிட்டாரேக்கா... உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னாரு. ரெண்டு பிரேக்கும் இன்னைக்கும் நல்லாத்தான் பிடிக்குது."